சுண்டுவிரல் குழாயின் மகிமை

"என்னங்க, பூனைக்குட்டியைத் தடவுற மாதிரி அந்தக் குழாயையே தடவிக்கிட்டு இருக்கீங்க?"

என் மனைவி கேட்டது நியாயமான கேள்விதான். இரவு மணி பதினொன்று. நான் கூடத்துத் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். மடியில் ஒரு செப்புச் சுருள். 10 மில்லிமீட்டர் விட்டம், 25 மீட்டர் நீளம், நாலரைக் கிலோ எடை. புதுக் குத்துவிளக்கு போல விளக்கொளியில் மினுங்கிக்கொண்டிருந்தது. அதன் ஒரு முனையை விரலால் மெல்ல அழுத்தினேன், வளைந்தது. விட்டேன், வளைந்த இடத்திலேயே நின்றது. பிளாஸ்டிக் குழாய் போல எகிறித் திரும்பவில்லை, இரும்பு போல முரண்டு பிடிக்கவில்லை. சொன்னதைக் கேட்டுக்கொண்டு அப்படியே நின்றது. வீட்டில் சொன்னதைக் கேட்கிற பொருள் ஒன்றாவது இருக்கிறதே என்று அன்று தொடங்கிய காதல், ஏழெட்டுக் குளிர்காலம் கழிந்தும் குறையவில்லை.

எங்கள் வீடு இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸில் இருக்கிறது. 1967-இல் புதுநகரமாக அறிவிக்கப்பட்ட ஊர். எழுபதுகளில் வரிசை வரிசையாக வீடுகள் எழுந்தன. அந்தக் காலத்து வீடுகள் பலவற்றில் ரேடியேட்டரே கிடையாது. கீழ்த்தளத்து அலமாரி ஒன்றுக்குள் பீரோ மாதிரி ஒரு பெட்டி நிற்கும். அது காற்றைச் சூடாக்கித் தகரக் குழல்கள் வழியே அறைகளுக்கு ஊதும். எங்கள் வீட்டிலும் அதுதான். ஊதும்போது ரயில்வே பிளாட்பாரத்தில் படுத்திருப்பது போல இருக்கும். நிறுத்தினால் பத்தே நிமிடத்தில் குளிர் திரும்பி வந்துவிடும். தூசி வேறு. 2018 இலையுதிர் காலத்தில் அந்தப் பெட்டி ஒருவழியாக உயிரை விட்டது. நான் வருத்தப்படவில்லை.

இனி பாய்லரும் ரேடியேட்டரும்தான் என்று முடிவு செய்தோம். ரேடியேட்டரைப் பார்த்திராதவர்களுக்கு: சுவரோரம் மாட்டிய தட்டையான எஃகுப் பலகை அது, உள்ளே சுடுநீர் ஓடும். ஒரு குழாய் வழியே சூடாக வந்து, அறைக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டு, இன்னொரு குழாய் வழியே சற்றுக் குளிர்ந்து பாய்லருக்குத் திரும்பும். எட்டு ரேடியேட்டர் என்றால் பதினாறு குழாய்கள். அந்தப் பதினாறையும் எங்கே ஒளிப்பது என்பதுதான் பிரச்சினை. கீழ்த்தளம் முழுக்கக் கான்கிரீட். அதை உடைக்க முடியாது. மேல்தளம் மரச்சட்டங்களின் மேல் சிப்போர்டு பலகைகளை ஒன்றோடொன்று நாக்கும் பள்ளமுமாகக் கோத்து அடித்த தரை. ஒன்றைத் தூக்கினால் நான்கு பிய்யும்.

விலை கேட்கக் கூப்பிட்ட ஒப்பந்தக்காரர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். "15 மில்லி போடுவோம், மேல்தளத்துப் பலகை எல்லாவற்றையும் எடுக்க வேண்டும், தரையைத் திரும்பப் போடுவது உங்கள் பொறுப்பு" என்றார். 10 மில்லிக் குழாய் போட்டால் என்ன என்று, எங்கோ படித்ததை வைத்துக் கேட்டேன். காபியில் உப்புப் போட்டுக் கொடுத்தது போல முகத்தைச் சுளித்தார். "அதெல்லாம் அடைத்துக்கொள்ளும். எழுபதுகளோடு போய்விட்டது." அவர் சொன்ன தொகையைக் கேட்டதும் நானும் முகத்தைச் சுளித்தேன். அத்தோடு சரி.

இந்த இடத்தில்தான் அண்ணன் வருகிறார். பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே முப்பது வருடம் பிளம்பராக இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும்போது பழக்கம். ஒருநாள் வந்தார், மேல்தளத்துத் தரையில் காலால் இரண்டு தட்டுத் தட்டினார், சட்டம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டார்.

"தம்பி, பதினைஞ்சிலை செய்ய வெளிக்கிட்டீர் எண்டால் வீட்டைக் கிண்டித்தான் போடவேணும். பத்திலை செய்வம்."

"அடைச்சிக்கும்னு சொல்றாங்களே அண்ணே?"

"ஊத்தைத் தண்ணி ஓட விட்டால் எந்தக் குழாயும் அடைக்கும். உமக்கு ரத்தக்குழாய் எத்தினை மில்லி எண்டு தெரியுமோ?"

அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: பாய்லரும் கேஸ் இணைப்பும் என் கை படாத பகுதி. இங்கே கேஸ் வேலையைத் தொட, கேஸ் சேஃப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களுக்கு மட்டுமே சட்டப்படி அனுமதி. அதற்கு அப்படிப் பதிவு பெற்ற ஒருவர் வந்தார், செய்தார், சான்றிதழ் கொடுத்தார், போனார். தண்ணீர்ப் பக்கம் மட்டும்தான் எனக்கு. ஆனால் விருந்தே அந்தப் பக்கத்தில்தான் இருந்தது!

சுருளைப் பிரிப்பதிலேயே பாடம் தொடங்கிவிட்டது. நான் நூல்கண்டிலிருந்து நூலை உருவுவது போல முனையைப் பிடித்து இழுக்கப் போனேன். "இழுக்காதையும், உருட்டும்" என்றார் அண்ணன். முனையைக் காலால் தரையோடு அழுத்திக்கொண்டு, சுருளை வண்டிச்சக்கரம் போல நிறுத்தித் தள்ளிக்கொண்டே போக வேண்டும். பாய் விரிவது போலக் குழாய் தரையில் நேராகப் படிந்துகொண்டே வரும். அப்படியும் சின்னச் சின்ன நெளிவு மிஞ்சும். அதற்கு ஒரு பலகையை அதன்மேல் வைத்து, சப்பாத்தி தேய்ப்பது போல முன்னும் பின்னும் உருட்டினால் போதும். கோடு கிழித்தது போல ஆகிவிடும். இழுத்துப் பிரித்திருந்தால் எங்காவது ஓரிடத்தில் மடிந்து நசுங்கியிருக்கும். நசுங்கிய குழாய் நசுங்கியதுதான். அந்தத் துண்டை வெட்டி எறிய வேண்டியிருக்கும்.

இனி நான் சொல்லப்போவது, இந்தக் குழாய்க்குக் கோயில் கட்டலாம் என்று எனக்குத் தோன்றிய கட்டம்.

மேல்தளத் தரைக்கு அடியில் மரச்சட்டங்கள் 400 மில்லிமீட்டர் இடைவெளியில் வரிசையாக நிற்கின்றன. குழாய் அவற்றுக்கு இணையாகப் போனால் தொல்லையில்லை, இடைவெளியில் போய்விடும். குறுக்கே போக வேண்டுமானால் சட்டத்தைத் தாண்டியாக வேண்டும். 15 மில்லிக் குழாய் விறைப்பானது, 3 மீட்டர் நீளக் கம்பாக வரும். இரண்டு சட்டங்களுக்கு நடுவே 400 மில்லிமீட்டர் இடத்துக்குள் நின்றுகொண்டு, மூன்று மீட்டர் கம்பை ஒரு துளைக்குள் எப்படி நுழைப்பது? முடியாது. ஆகவே சட்டங்களின் தலையில் பள்ளம் வெட்டி, மேலிருந்து குழாயை வைப்பார்கள். அதற்கு வழிநெடுகத் தரையைத் திறக்க வேண்டும். பள்ளம் வெட்டினால் சட்டத்தின் வலுவும் குறையும். பிற்பாடு யாராவது பலகையில் ஆணி அடித்தால் அது நேராகக் குழாயில் இறங்கும்.

10 மில்லி மெதுசெம்புக்கு இந்தத் தலைவலியே இல்லை. நடைபாதை நெடுக ஒரு முழத்துக்கும் குறைவான அகலத்தில் ஒரே ஒரு கீற்றுத் தரையைத் திறந்தோம். ஒவ்வொரு சட்டத்திலும் உயரத்தின் சரிபாதியில் துளை போட்டோம். மரச்சட்டத்தின் நடுக்கோடு, வளையும்போது இழுபடாமலும் அமுங்காமலும் இருக்கும் இடம். துளையால் அங்கே இழப்புக் குறைவு. துளை எங்கு வேண்டுமானாலும் போடக்கூடாது. சட்டம் தாங்கும் தூரத்தில், சுவரிலிருந்து கால் பங்குக்கும் பத்தில் நான்கு பங்குக்கும் இடைப்பட்ட பகுதியில், சட்ட உயரத்தின் கால்பங்கைத் தாண்டாமல் இருக்க வேண்டும் என்பது இங்குள்ள விதி. எங்களுடையது 200 மில்லிமீட்டர் சட்டம். 50 வரை போகலாம். நாங்கள் போட்டது வெறும் 16.

பிறகு கோத்தோம். கோத்தோம் என்பதைத் தவிர வேறு சொல் கிடையாது. ஊசியில் நூல் கோப்பது போலவேதான். முனையை இலேசாக மேல்நோக்கி வளைத்து முதல் துளையில் விட்டால், அது அடுத்த துளையை எட்டிப் பார்க்கும், விரலால் வழிகாட்டினால் நுழையும், அப்புறம் அடுத்தது. "பாம்பு மாதிரி. வழியைக் காட்டினால் தானே போகும்" என்றார் அண்ணன். படுக்கையறைகளில் சட்டத்துக்கு இணையாகப் போகும் இடங்களில் தரையையே திறக்கவில்லை. நடைபாதைக் கீற்றிலிருந்து அவர் தள்ள, நான் சன்னலோரம் போட்ட உள்ளங்கையளவு ஓட்டையில் கையை விட்டுக் காத்திருந்தேன். இருட்டுக்குள் சர்ரென்று உரசிக்கொண்டு நான்கு மீட்டர் தாண்டி வந்து என் விரலைத் தொட்டது பாருங்கள்! கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக்கரண்டி கொண்டு எடுத்தவர்களுக்குத்தான் அந்தச் சிலிர்ப்புப் புரியும். கத்திவிட்டேன். கீழே சமையலறையில் இருந்தவள் யாருக்கோ ஷாக் அடித்துவிட்டது என்று ஓடி வந்தாள்.

கீழ்த்தளத்து ரேடியேட்டர்களுக்கு மேலிருந்தே குழாய் இறக்கினோம். அறைகளுக்கு நடுவே உள்ள தடுப்புச் சுவர்கள் இரண்டு பிளாஸ்டர்போர்டுகளுக்கு நடுவே வெற்றிடம் கொண்டவை. மேலே சிறு துளை, கீழே சிறு துளை. குழாய் மேலிருந்து கிணற்றுக்கயிறு போல இறங்கிக் கீழே தலைநீட்டியது. வெளிச்சுவரில் மட்டும் பூச்சில் சிறு தடம் வெட்டிப் பிளாஸ்டிக் உறை போட்டுப் பதித்தோம். வெளியே ஒரு சாண் குழாய்தான் தெரியும். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் "குழாயே காணோமே, இது கரண்டில் ஓடுதா?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

இன்னொன்று. தரைக்கு அடியில் ஓர் இணைப்புகூடக் கிடையாது. ஒவ்வொரு குழாயும் கிளம்பும் இடத்திலிருந்து ரேடியேட்டர் வரை ஒரே துண்டு. எட்டு ரேடியேட்டருக்குப் பதினாறு குழாய்கள், பக்கத்துக்கு ஒன்றாக முப்பத்திரண்டு முனைகள். அவ்வளவும் கண்ணுக்கும் கைக்கும் எட்டும் இடத்தில். கசிவு என்று ஒன்று வருமானால் அது இணைப்பில்தான் பெரும்பாலும் வரும். இணைப்பே இல்லாத இடத்தில் தூக்கம் கெட வேண்டியதில்லை.

"எல்லாம் சரி, இந்தச் சுண்டுவிரல் குழாயில் ஒரு பெரிய கூடம் சூடாகிற அளவுக்குத் தண்ணீர் போகுமா?" ஊரிலிருந்து அலைபேசியில் பேசிய மாமனார் கேட்டார். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். அவருக்குக் கணக்காகவே பதில் சொன்னேன்.

கூடத்து ரேடியேட்டர் 1.8 கிலோவாட். நீர் 70 டிகிரியில் போய் 50-இல் திரும்புகிறது, வித்தியாசம் 20. ஒரு லிட்டர் நீர் 20 டிகிரி குளிர்ந்தால் ஏறக்குறைய 84 கிலோஜூல் வெப்பம் கிடைக்கும். 1.8 கிலோவாட் என்றால் நிமிடத்துக்கு 108 கிலோஜூல். வகுத்தால் நிமிடத்துக்கு 1.3 லிட்டர்கூட வரவில்லை. ஒரு பெரிய கூடத்தைச் சூடாக்க நிமிடத்துக்கு ஒரு தண்ணீர்ப் பாட்டிலும் கொசுறும் போதும்! குழாயின் சுவர் 0.7 மில்லிமீட்டர், ஆக உள்விட்டம் 8.6. அதற்குள் இந்த நீர் நொடிக்கு 37 சென்டிமீட்டர் வேகத்தில் போனால் சரி. சின்னக் குழாயில் நொடிக்கு ஒரு மீட்டரைத் தாண்டினால்தான் சலசலப்புக் கேட்கத் தொடங்கும். நாம் அதில் பாதியைக்கூட எட்டவில்லை.

மறுமுனையில் கொஞ்சம் மௌனம். பிறகு, "அப்ப எதுக்கு எல்லாரும் பெரிய குழாய் போடுறாங்க?" என்றார். எனக்கும் அதே கேள்விதான் மாமா.

பெரிய குழாய்க்கு ஒரு செலவும் உண்டு, யாரும் சொல்வதில்லை. அதற்குள் நிற்கும் நீரையும் சூடாக்க வேண்டுமே. 10 மில்லிக் குழாயில் மீட்டருக்கு 58 மில்லிலிட்டர் நிற்கும், 15-இல் 145. எங்கள் வீட்டில் போட்டது 118 மீட்டர். 10-இல் ஏழு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. 15-ஆக இருந்திருந்தால் பதினேழு லிட்டர். பத்து லிட்டர் நீரைக் காலையிலும் மாலையிலும் தரைக்கடியில் சும்மா சூடாக்கி ஆறவிடுவானேன்? காலையில் பாய்லர் எழுந்த கையோடு ரேடியேட்டரின் மேல்விளிம்பில் சூடு ஏறுவது, இந்தச் சின்ன வயிற்றுக்காரக் குழாயின் புண்ணியம்.

நான் பிறந்தது திருத்துறைப்பூண்டிப் பக்கம். கடைமடைக்காரன். மேட்டூரில் திறந்த தண்ணீர் எல்லா ஊரையும் நனைத்துவிட்டு, மிச்சமிருந்தால் எங்களுக்கு வரும். ரேடியேட்டர் வேலையிலும் கடைமடை உண்டு என்று தெரிந்தபோது எனக்குச் சொந்த ஊர் ஞாபகம் வந்துவிட்டது. வழக்கமான முறையில் இரண்டு பெருங்குழாய்கள் வீடு முழுக்க ஓடும். போகிற வழியில் ஒவ்வொரு ரேடியேட்டரும் கிளை பிரித்துக் குடிக்கும். பாய்லர் பக்கத்தில் இருப்பவர் வயிறு முட்டக் குடிப்பார். கடைசி அறைக்காரர் போர்வையோடு உட்கார்ந்திருப்பார். நம் குழாய் வேலையில் அப்படி இல்லை. பாய்லரிலிருந்து 22 மில்லிப் பெருங்குழாய் நடைபாதையின் நடுவுக்கு வருகிறது. அங்கே மேனிஃபோல்டு என்ற பித்தளைக் கட்டை, சரியான தலைமதகு. அதிலிருந்து ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் தனி வாய்க்கால் கிளம்புகிறது, திரும்புவதற்கும் தனி வாய்க்கால். யாரும் யாருக்கும் மேல்மடை இல்லை. தூரத்து அறைக்கு நீளம் கூடுதல் என்பதால் கொஞ்சம் தடை இருக்கும்; அதை மற்ற ரேடியேட்டர்களின் லாக்ஷீல்டு வால்வைக் கால் திருகு, அரைத் திருகு என்று இறுக்கிச் சரிசெய்யலாம். அந்த முறைப்பாசனத்தை ஞாயிற்றுக்கிழமை முழுக்க, கையில் வெப்பமானியோடு, அறை அறையாகச் சுற்றிச் செய்தேன். நீர்ப்பங்கீட்டில் எந்த மாநிலமும் என்மீது வழக்குப் போடவில்லை.

வளைப்பதைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம் சேரும். பெரிய வளைவு என்றால் கட்டைவிரல் இரண்டும் முழங்காலும் போதும். இறுக்கமான வளைவுக்கு அண்ணன் தன் பையிலிருந்து ஒரு எஃகு ஸ்பிரிங்கை எடுத்துக் கொடுத்தார். 15 மில்லிக் குழாய்க்கு ஸ்பிரிங் உள்ளே போகும். இந்தச் சின்னவருக்குச் சட்டை போல வெளியே மாட்ட வேண்டும். மாட்டி வளைத்தால் குழாய் சப்பையாகாமல் உருண்டையாகவே திரும்பும். முப்பது வருடம் அவர் கையில் புழங்கிய ஸ்பிரிங் அது. "வைச்சிரும்" என்று சொல்லி என்னிடமே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஒரே இடத்தை மூன்று நான்கு முறை வளைத்து நிமிர்த்தினால் செம்பு கோபித்துக்கொண்டு விறைத்துவிடும். அதைச் சமாதானம் செய்யவும் வழி இருக்கிறது. டார்ச்சால் மங்கிய சிவப்பு வரும்வரை சுட்டுத் தண்ணீரில் முக்கினால் மறுபடி பழைய மெதுமை. எஃகைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் கடினமாகும், செம்பு நேரெதிர். முதலில் பார்த்தபோது இதை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. கும்பகோணத்தில் கன்னார் பட்டறை வாசலில், அண்டாவுக்குத் தகடு தட்டும்போது நடுநடுவே அதை உலையில் போட்டு எடுப்பார்கள். தட்டித் தட்டி இறுகிய தகட்டை இளக்குவதற்குத்தான் என்று நாற்பது வருடம் கழித்து மில்டன் கீன்ஸில் எனக்குப் புரிந்தது. நம் ஊரில் தண்ணீர் மொள்ளும் பாத்திரத்துக்கே செம்பு என்றுதானே பெயர்?

பற்றவைப்பு இன்னும் பழைய நினைவு. குழாய் முனையை வெட்டியதும் உட்பக்கம் ஒரு பிசிறு நிற்கும். அதைச் சுரண்டி எடுக்காவிட்டால் சின்ன வழி இன்னும் சின்னதாகும். பிறகு கம்பிப் பஞ்சால் தேய்த்துப் பளபளப்பாக்கி, ஃப்ளக்ஸ் பூசி, இணைப்புக்குள் செருகிச் சூடு காட்ட வேண்டும். ஈயம் கலவாத பற்றுக்கம்பி, கிட்டத்தட்ட முழுக்க வெள்ளீயம், கொஞ்சம் செம்பு. 227 டிகிரியில் உருகும். சூடேறிய இணைப்பில் கம்பியைத் தொட்டால், அந்த வெள்ளி நீர் தானாகவே இடுக்குக்குள் உறிஞ்சப்பட்டு ஓடி மறைகிறது. மேல்நோக்கியும் ஏறுகிறது! எண்ணெயைத் திரி உறிஞ்சுகிற அதே வித்தைதான். ஃப்ளக்ஸ் புகைந்தபோது வந்த நெடியில் நான் அப்படியே எட்டு வயதுக்குப் போய்விட்டேன். தெருவில் ஈயம் பூசுகிறவர் உட்கார்ந்து, பித்தளைப் பாத்திரத்தைச் சுட வைத்து, நவச்சாரத்தைத் தூவிப் பஞ்சால் ஒரு சுழற்றுச் சுழற்றுவாரே, அதே கரிப்பு நெடி. பாட்டி கீழே எங்கோ தவலையோடு வரிசையில் நிற்பது போல இருந்தது.

அந்த மயக்கத்தில்தான் கோட்டை விட்டேன். உறிஞ்சும் அழகைப் பார்த்துக்கொண்டே கம்பியை ஊட்டிக்கொண்டிருந்தேன். 10 மில்லி இணைப்புக்கு ஒரு சென்டிமீட்டர் கம்பி போதும். நான் குழந்தைக்குச் சோறு ஊட்டுவது போல ஊட்டியிருக்கிறேன். எல்லாம் முடிந்து சூடு விட்ட நாளில் ஏழு ரேடியேட்டர் கொதித்தது, பின்னறை ரேடியேட்டர் மட்டும் பிணம் போலக் கிடந்தது. காற்றை வெளியேற்றினேன், வால்வை முழுக்கத் திறந்தேன், கும்பிட்டும் பார்த்தேன். அண்ணன் வந்து இணைப்பை வெட்டிக் காட்டினார்: உள்ளே அழகான வெள்ளீய முத்து ஒன்று வழியை மறித்து உட்கார்ந்திருந்தது. "நல்லாய்த்தான் சமைச்சிருக்கிறீர்" என்றார். அந்த முத்தை மனைவி சாவிக்கொத்தில் கோத்து வைத்திருக்கிறாள், எனக்குத் தலைக்கனம் வரும்போதெல்லாம் ஆட்டிக் காட்டுவதற்காக.

வால்வு முனைகளில் பற்றவைப்புக்குப் பதில் நட்டும் ஆலிவும். ஆலிவ் என்றால் தின்கிற காய் இல்லை, குழாயைக் கவ்விப் பிடிக்கும் பித்தளை வளையம். இங்கேயும் ஆர்வக்கோளாறு ஆகாது. கையால் இறுக்கி, ஸ்பேனரால் ஒரு சுற்றுக்குள் நிறுத்த வேண்டும். பலசாலி என்று காட்டினால் வளையம் மெதுகுழாயின் கழுத்தை நெரித்துவிடும். பாய்லரை இணைக்கும் முன்பு கைப்பம்பால் 4.5 பார் அழுத்தம் ஏற்றி இரவு முழுக்க விட்டோம். இத்தகைய அமைப்பில் பாதுகாப்பு வால்வு 3 பாரில் திறந்துவிடும். அதன் ஒன்றரை மடங்கு. காலையில் முள் அசையாமல் நின்றது. அந்த முள்ளைப் போட்டோ எடுத்து உறவினர் குழுவில் போட்டேன். ஒரே ஒருவர் "வாழ்த்துகள், என்ன குழந்தை?" என்று கேட்டிருந்தார்.

இனி அந்தப் பழிச்சொல். அடைத்துக்கொள்ளும் என்கிறார்களே, பொய்யா? பொய்யில்லை. எஃகு ரேடியேட்டர் உள்ளே துருப்பிடித்தால் மேக்னடைட் என்ற கரிய சேறு உண்டாகும். மை போலத் தண்ணீரில் சுற்றும். மெதுவாகப் போகும் இடத்தில் படியும். 15 மில்லிக் குழாய் அந்தச் சேற்றை வருடக்கணக்கில் பொறுத்துக்கொள்ளும், சின்னக் குழாய் சீக்கிரம் புகார் சொல்லும். அவ்வளவுதான் வித்தியாசம். சேறு உண்டாவதற்குக் குழாய் என்ன செய்யும்? தொடக்கத்திலேயே நன்றாக அலசி, துருத்தடுப்பு மருந்து கலந்து, பாய்லருக்குத் திரும்பும் குழாயில் காந்த வடிகட்டி ஒன்று வைத்தால் போதும். வருடம் ஒருமுறை நான் அந்த வடிகட்டியைக் கழற்றுகிறேன். முதல் வருடம் காந்தத்தில் கண்மை போல மெல்லிய பூச்சு இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

சத்தம்? செம்பு சூட்டில் நீளும். பத்து மீட்டர் குழாய் 50 டிகிரி சூடேறினால் எட்டரை மில்லிமீட்டர் நீளும். விறைப்பான நேர்க்குழாய் மரப்பள்ளத்தில் இறுக்கமாக உட்கார்ந்திருந்தால் நீளும்போது டிக், டிக் என்று நடுராத்திரியில் பல்லி சொல்லும். நெளிந்து போகும் மெதுசெம்பு தன் வளைவுகளிலேயே அந்த நீளத்தை விழுங்கிக்கொள்கிறது. துளைகளையும் குழாயைவிடப் பெரிதாகவே போட்டிருந்தோம். எங்கள் வீட்டில் பல்லி கிடையாது.

காதல் கண்ணை மறைத்துவிட்டது என்று யாரும் சொல்லக்கூடாது என்பதற்காக இதையும் எழுதுகிறேன். மூன்று கிலோவாட்டுக்கு மேலான பெரிய ரேடியேட்டருக்கு 15 போடுங்கள். நீளத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்: அதே அளவு நீரைப் பாதி விட்டத்தில் அனுப்பப் பம்பு ஏறக்குறைய முப்பது மடங்கு தம் கட்ட வேண்டும். வெப்பப் பம்பு வைக்க நினைப்பவர்கள் கட்டாயம் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதில் போகும் நீருக்கும் வரும் நீருக்கும் 5 டிகிரிதான் வித்தியாசம். ஆகவே அதே வெப்பத்துக்கு நான்கு மடங்கு நீர் ஓட வேண்டும். என் கூடத்துக் குழாயில் நொடிக்கு ஒன்றரை மீட்டர் ஆகிவிடும், கூவும். நான் போட்டது 2018-இல். 2022 ஜூனுக்குப் பிறகு இங்கிலாந்தில் புதிதாகவோ முழுமையாக மாற்றியோ போடும் அமைப்புகளை 55 டிகிரியைத் தாண்டாத நீருக்கே வடிவமைக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது. அதற்கு ரேடியேட்டரின் அளவையும் பெரிதாக்க வேண்டும். இதையெல்லாம் மீறியும், படுக்கையறை, குளியலறை, நடைபாதை போன்ற சின்ன இடங்களுக்கு இந்தக் குழாயை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பதே என் கட்சி.

முதன்முதலில் சூடு விட்ட அந்த மாலை நவம்பர் மாதம், வெளியே இரண்டு டிகிரி. நீர் ஏறும்போது குழாய்களில் களுக், களுக் என்று காற்று நகரும் சத்தம். நான் சின்னச் சாவியோடு அறை அறையாக ஓடி ரேடியேட்டரின் தோளில் உள்ள திருகைத் திறந்தேன். புஸ்ஸென்று காற்று, பின்னால் ஒரு சொட்டு நீர், மூடு, அடுத்த அறை. பாய்லர் பற்றியது. மகள் கூடத்து ரேடியேட்டரின் கீழே படுத்து, சுவரிலிருந்து எட்டிப் பார்க்கும் அந்த ஒரு சாண் செம்பை விரலால் தொட்டுக்கொண்டே இருந்தாள். "அப்பா, வந்துடுச்சு!" என்று விரலை உதறினாள். வாய்க்காலில் புதுத்தண்ணீர் வந்த நாளில் நாங்கள் கரையில் கத்திக்கொண்டு ஓடிய அதே குரல்.

ஐந்து சுருள் வாங்கினேன், 125 மீட்டர். 118 தரைக்கடியில் போய்விட்டது. மிச்சம் ஏழு மீட்டர் தோட்டத்துக் கொட்டகையில் தொங்குகிறது. கொஞ்சம் கருத்திருக்கிறது, புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும். மில்டன் கீன்ஸ் பக்கம் இருப்பவர்கள் ஒரு ரேடியேட்டர் மாட்ட நினைத்தால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம். ஸ்பிரிங்கும் தருகிறேன். ஆனால் அதை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அண்ணன் கேட்பார்.